எல்லாமே ‘வெரி ப்யூட்டிஃபுல்’ என்றால் எப்படி? மலையகத்தை இங்கிலீஷில் வர்ணிக்கும்போது வரும் பிழைகள்

சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் நம் பிள்ளைகள் ஊரைப் பற்றி இங்கிலீஷில் எழுதினால் ஹட்டனும் ப்யூட்டிஃபுல், தலவாக்கலையும் ப்யூட்டிஃபுல், டெவன் நீர்வீழ்ச்சி மட்டும் வெரி ப்யூட்டிஃபுல். இலக்கணம் சரிதான், ஆனால் வாசிக்கிற ஆளின் கண்ணில் எதுவும் விழவில்லை. 97 மீட்டர் உயரம் என்று சேர்த்தாலும் அது தகவல்தான், வர்ணனை ஆகாது. எது உங்களை நிற்க வைத்தது, சத்தமா, சாரலா, மழைக்குப் பிறகு பாறையே தெரியாமல் கொட்டுவதா? ‘தி வோட்டர் ஹைட்ஸ் தி ரொக்’, ஐந்தே சொல், அதில் ஒரு பெயரடைகூட இல்லை.

அடுத்த வம்பு பனி. நாம் எல்லாவற்றையும் பனி என்றே சொல்லிப் பழகியதால் அகராதியைத் திறந்து முதலில் கிடைக்கும் ஸ்னோவை எழுதிவிடுகிறோம், நுவரெலியாவில் ஸ்னோ பெய்யத் தொடங்கிவிடுகிறது! காலையில் புல்லில் நிற்கும் துளி டியூ. மலையை மறைத்துக்கொண்டு நகர்வது மிஸ்ட். அதுவே அடர்ந்து, எதிரே வரும் பஸ்ஸின் லைட் மட்டும் மங்கலாகத் தெரிந்தால் ஃபொக். வானிலைக் கணக்கில் ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் பார்க்க முடியாவிட்டாலே ஃபொக்தான். ஜனவரி, பெப்ரவரி விடியலில் நுவரெலியாப் பக்கம் புல் வெள்ளையாக உறைந்து, தேயிலை கருகிப் போகிறதே, அது ஃப்ரொஸ்ட்.

தோட்டத்துச் சொற்களிலும் கவனம் வேண்டும். கொழுந்து எடுப்பதை ‘கட்’ என்று எழுதினால் செடியின் கிளைகளைக் கவ்வாத்து வெட்டுவதாக நினைத்துக்கொள்வார்கள். கொழுந்துக்கு ப்ளக், கவ்வாத்துக்கு ப்ரூன். தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடான லயத்தை ‘கொட்டேஜ்’ ஆக்கி அழகுபடுத்தவும் வேண்டாம், நம் நாட்டு இங்கிலீஷில் அது லைன் ரூம்ஸ்தான். அப்புறம் அந்த க்ரீன் கார்ப்பெட்! தேயிலை மலையைப் பார்த்தால் எல்லாருக்கும் பச்சைக் கம்பளம்தான் ஞாபகம் வருகிறது, உள்ளே இறங்கிக் கொழுந்து எடுத்தவருக்கு அது இடுப்பளவு செடியும் வழுக்கும் சரிவும் காலில் ஏறும் அட்டையும். அதை எழுதினால் பரீட்சைத் தாள் திருத்துபவர் நிமிர்ந்து உட்காருவார்.

சின்னச் சின்ன வீடுகள் என்று தமிழில் அடுக்கலாம், இங்கிலீஷில் ‘ஸ்மோல் ஸ்மோல் ஹவுசஸ்’ கிடையாது, வரிசை வரிசையாக என்ற அர்த்தத்தில் ‘ரோஸ் ஒஃப் ஸ்மோல் ஹவுசஸ்’ என்று மாற்றுங்கள். சீனரிக்குப் பின்னால் எஸ் போடாதீர்கள். ‘அவர் எஸ்டேட் இஸ் ஹேவிங் எ கோவில்’ வேண்டாம், ‘ஹேஸ்’ போதும். தகரக் கூரையை வர்ணித்தால் பழசு முன்னால், தகரம் பின்னால்: ‘ஓல்ட் டின் ரூஃப்’.

நன்றாக எழுதுபவர்களும் சறுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. ‘தோட்டத்துக்கு ஏறிப் போகையில் மிஸ்ட் பாதையை மறைத்தது’ என்பது தமிழில் சரி. அதையே ‘வோக்கிங் அப் டு தி எஸ்டேட், தி மிஸ்ட் கவர்ட் தி ரோட்’ என்று எழுதினால் மலை ஏறி நடந்தது மிஸ்ட் என்று அர்த்தமாகிவிடும். நடந்த ஆளை உள்ளே கொண்டுவாருங்கள்: ‘ஏஸ் வீ வோக்ட் அப்’ என்று தொடங்கினால் மீதி வசனத்தைத் தொடவே வேண்டியதில்லை.