நியூ ஆர்லியன்ஸில் இருந்து க்ரூஸ்: ஆற்றைப் பார்த்துக் கப்பலைத் தேர்ந்தெடுங்கள்

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் கடலோர நகரம் இல்லை. கடலில் இருந்து சுமார் 100 மைல் உள்ளே, மிசிசிப்பி ஆற்றங்கரையில் இருக்கிறது. மாலையில் கிளம்பும் கப்பல் மெக்சிகோ வளைகுடாவைத் தொடவே ஏழெட்டு மணி நேரம் பிடிக்கும். திரும்பி வரும்போதும் அப்படித்தான். எத்தனை இரவு, எந்த மாதம், எந்தப் பக்கத்துக் கேபின், எத்தனை மணி விமானம் என்பதையெல்லாம் ஆற்றைக் கணக்கில் வைத்தே முடிவு செய்ய வேண்டும்.

நான்கு இரவுப் பயணம் மலிவாகத் தெரியும். ஆனால் அதில் பெரும்பாலும் மெக்சிகோவின் கோசுமெல் தீவு ஒன்றுதான் இறங்கும் இடம். இரண்டு நாள் முழுக்கக் கடலிலேயே போய்விடும். ஐந்து இரவு என்றால் வழக்கமாக இன்னொரு மெக்சிகோ துறைமுகமான புரோக்ரேசோவும் சேரும். செலவு கொஞ்சம் கூடினாலும் எங்கள் ஓட்டு ஐந்துக்குத்தான். ஹோண்டுராஸின் ரோவட்டான் தீவு, பெலிஸ், ஜமைக்கா, கிராண்ட் கேமன் பக்கம் போக ஏழு இரவு வேண்டும்.

பெலிஸ் சிட்டியிலும் கிராண்ட் கேமனிலும் பெரிய கப்பல்கள் கரையை ஒட்டி நிற்பதில்லை. தள்ளி நங்கூரம் போட்டு, சிறு படகில் ஆட்களைக் கொண்டுபோய் விடுவார்கள். அலை அதிகமானால் இறங்குவதை ரத்து செய்துவிடுவார்கள். முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் உடன் வந்தால், கப்பல் நேராக மேடையில் அணையும் கோசுமெல் போன்ற இடங்கள் உள்ள பயணமாகப் பாருங்கள்.

ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை புயல் காலம். புயல் வந்தால் பயணத்தை ரத்து செய்வதைவிடப் பாதையை மாற்றுவதுதான் வழக்கம். போக நினைத்த ஊர் விட்டுப்போனதற்காகக் கட்டணத்தைத் திருப்பித் தர மாட்டார்கள். காப்பீட்டை முன்பதிவோடு சேர்த்தே எடுத்துவிடுங்கள். புயலுக்குப் பெயர் வைத்த பிறகு எடுக்கும் காப்பீடு அந்தப் புயலுக்குச் செல்லாது.

குளிர்காலத்தில் புயல் இல்லை, மூடுபனி உண்டு. வடக்கிலிருந்து வரும் குளிர்ந்த ஆற்று நீர்மேல் வளைகுடாவின் ஈரக்காற்று படியும்போது ஆறே கண்ணுக்குத் தெரியாமல் போகும். அப்போது போக்குவரத்தை நிறுத்திவிடுவார்கள். கப்பல் ஆற்று முகத்துவாரத்திலேயே மணிக்கணக்கில் காத்து நிற்கும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை போகிறவர்கள், திரும்பும் நாளில் காலை விமானம் போடவே வேண்டாம். பிற்பகல் 2 மணிக்குப் பிறகு போடுங்கள். மறுநாள் என்றால் இன்னும் நிம்மதி.

நியூ ஆர்லியன்ஸின் பெரிய ஊர்வலத் திருவிழாவான மார்டி கிரா பிப்ரவரி 3க்கும் மார்ச் 9க்கும் இடையில் வரும். அதற்கு முந்தைய இரண்டு வாரங்களில் ஊர்வலங்களுக்காகச் சாலைகளை அடைப்பார்கள், விடுதி வாடகையும் எகிறும். திருவிழாவைப் பார்க்கத்தான் வருகிறீர்கள் என்றால் அருமையான நேரம். இல்லையென்றால் தேதியைத் தள்ளிவையுங்கள். எப்படியானாலும் கப்பலேறும் நாளுக்கு முதல் நாளே ஊருக்கு வந்துவிடுங்கள்.

பால்கனிக்குக் காசு கொடுப்பதானால் இடது பக்கத்தைக் கேளுங்கள். ஆற்றின் போக்கில் இறங்கும்போது நகரின் பழைய பகுதியான பிரெஞ்சு குவார்ட்டரும் செயின்ட் லூயிஸ் தேவாலயத்தின் மூன்று கூம்புகளும் அந்தப் பக்கம்தான் வரும். வளைவு தாண்டினால் மறைந்துவிடும் என்பதால், கிளம்பும்போதே வெளியே வந்து நில்லுங்கள். டிசம்பரில் ஐந்து மணிக்கே இருட்டத் தொடங்கிவிடும். வாந்தி, தலைசுற்றல் வருகிறவர்களுக்குக் கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் உள்ள கேபின் நல்லது. ஆற்றில் ஆட்டமே தெரியாது. வளைகுடாவில் இறங்கிய பிறகுதான் தெரியும். மாத்திரையை அதற்கு முன்பே, படுக்கப் போகும்போது போட்டுக்கொள்ளுங்கள்.

விளம்பர விலையை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். வரியும் துறைமுகக் கட்டணமும் அதில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஊழியர்களுக்கான டிப்ஸ் ஒருவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 16 முதல் 20 டாலர் வரை ஆகும். குடிபானப் பேக்கேஜ் எடுத்தால், ஒரே கேபினில் இருக்கும் பெரியவர்கள் எல்லோருமே எடுக்க வேண்டும் என்று பல நிறுவனங்கள் கேட்கும். வண்டி நிறுத்தும் கட்டணம், இணையம், கரையில் சுற்றும் செலவு எல்லாம் சேர்த்த பிறகே இரண்டு கப்பல்களை ஒப்பிடுங்கள்.

இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர்கள் பணம் கட்டுவதற்கு முன் விசாவைப் பாருங்கள். கப்பல் மெக்சிகோவைத் தொட்டு வந்தால் அமெரிக்காவுக்குள் மறுபடி நுழைவதாகிறது. ஒருமுறை நுழைவு விசா பெரும் சிக்கலில் விடலாம். போகும் ஒவ்வொரு நாட்டின் விசா விதியையும் க்ரூஸ் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தாள் சரியில்லை என்றால் துறைமுகத்திலேயே நிறுத்திவிடுவார்கள், கட்டிய பணமும் போகும்.