பிரிண்ட் எடுக்காமல் பிடிஎஃப்பில் கையெழுத்துப் போடுவது எப்படி?

போன மாதம் மச்சினனுக்கு வேலை உத்தரவு பிடிஎஃப்பாக வந்தது. காலை ஒன்பதுக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். அவன் வாயைத் திறந்ததே ராத்திரி பத்தரைக்கு. தெருமுனை ஜெராக்ஸ் கடை எட்டு மணிக்கே ஷட்டரை இறக்கிவிடும். அன்று தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டதுதான் இது.

படி 1: கோடு போடாத வெள்ளைத்தாளில் கறுப்பு ஜெல் பேனாவால் கொஞ்சம் பெரிதாகக் கையெழுத்திட்டு, நேர் மேலிருந்து படம் எடுங்கள். டியூப்லைட்டுக்கு முதுகு காட்டி உட்காராதீர்கள். போனின் நிழல் தாளில் விழுந்து, கையெழுத்தைச் சுற்றி அழுக்குத் திட்டு மாதிரி வரும். நாங்கள் நாலு தடவை எடுத்தோம். விரலால் திரையில் எழுதவும் வழி உண்டு. எனக்கு அதில் ஒன்றாம் வகுப்புக் கையெழுத்துதான் வருகிறது.

படி 2: அடோபி அக்ரோபாட் ரீடரில் கோப்பைத் திறந்து, 'ஃபில் அண்ட் சைன்' போய், அந்தப் படத்தைச் சேருங்கள். உரிய இடத்துக்கு இழுத்து, அளவைச் சரிசெய்து சேமித்தால் முடிந்தது. இதற்கென்று இருக்கும் இலவச இணையதளங்கள் எனக்குப் பிடிக்காது. பான் எண்ணும் சம்பளமும் இருக்கும் கோப்பை முன்பின் தெரியாத சர்வரில் ஏற்றுவானேன்?

நான் சறுக்கிய இடம் இனிமேல்தான். அந்த உத்தரவில் நிறுவனம் ஏற்கெனவே டிஜிட்டல் கையொப்பம் வைத்திருந்தது. அதனால் செயலி எதையும் சேர்க்க விடவில்லை. நான் புத்திசாலித்தனமாக 'பிரிண்ட் டு பிடிஎஃப்' கொடுத்து, வந்த புதுக்கோப்பில் கையெழுத்தை ஒட்டி அனுப்பினேன். மறுநாளே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

டிஜிட்டல் கையொப்பம் என்பது கண்ணுக்குத் தெரியும் அந்தப் பெட்டி இல்லை. கோப்பின் உள்ளடக்கத்தை வைத்துக் கணக்கிட்ட முத்திரை. பிரிண்ட் கொடுத்தால் பெட்டியின் படம் மட்டும் மிஞ்சும், முத்திரை போய்விடும். அதனால் முத்திரை வைக்காத பிரதியைக் கேட்டு வாங்குங்கள். முதலில் உங்கள் கையெழுத்து, கடைசியில் அவர்கள் முத்திரை.

இன்னொன்று: நாம் ஒட்டுவது வெறும் படம். சட்டப்படி மின்கையொப்பமே வேண்டும் என்று கேட்டால் ஆதார் இ-சைன் இருக்கிறது; ஆதாரோடு இணைத்த மொபைலுக்கு ஓடிபி வரும். தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000 இதை ஏற்கிறது. ஆனால் உயிலுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. அதற்குத் தாளும் பேனாவும்தான்.

பின்சேர்க்கை: இ-ஆதாரைத் திறந்தால் மஞ்சள் கேள்விக்குறியோடு 'வேலிடிட்டி அன்நோன்' என்று வருகிறது, போலியா என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். அந்தக் குறியை மட்டும் வைத்துப் போலி என்று சொல்ல முடியாது. கையொப்பமிட்டவர் யார் என்று காட்டும் டிஜிட்டல் சான்றிதழை உங்கள் ரீடர் இன்னும் நம்பவில்லை, அவ்வளவுதான். கோப்பை அரசுத் தளத்திலிருந்து நீங்களே இறக்கியிருந்தால், கணினியில் அந்தப் பெட்டிமேல் வலது கிளிக் செய்து, கையொப்ப விவரங்களுக்குள் சான்றிதழைத் திறந்து, 'டிரஸ்ட்' பக்கத்தில் நம்பகப் பட்டியலில் சேருங்கள். அப்புறம் மறுபடி 'வேலிடேட்' கொடுத்தால் பச்சை டிக் வந்துவிடும்.