ஸ்டீராய்டு களிம்பை அளந்து பூசுவது எப்படி?

தோல் சிவந்து தடித்து அரிக்கும்போது மருத்துவர் எழுதித் தரும் ஸ்டீராய்டு களிம்பைப் பயன்படுத்துவதில் இரண்டு விதமான தவறுகள் நடக்கின்றன. பக்கவிளைவுக்குப் பயந்து கடுகளவு எடுத்து இரண்டு நாள் தடவிவிட்டு நிறுத்துபவர்கள் ஒரு வகையினர். அரிப்பு உடனே அடங்கிய மகிழ்ச்சியில் அதே ட்யூபை மாதக்கணக்கில், முகத்துக்கும் சேர்த்துப் பூசுபவர்கள் இன்னொரு வகையினர். இரு சாராருக்கும் மருந்தை அளக்கத் தெரியவில்லை என்பதே உண்மை. எந்த வீரியம், எந்த இடம், எவ்வளவு, எத்தனை நாள் என்ற நான்கு கேள்விகளுக்கும் விடை தெரிந்த பிறகே ட்யூபின் மூடியைத் திறக்க வேண்டும்.

தசையை வளர்ப்பதற்காகச் சிலர் போட்டுக்கொள்ளும் ஸ்டீராய்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை. சிறுநீரகத்தின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி இயல்பாகவே சுரக்கும் கார்டிசால் என்ற ஹார்மோனின் வழிவந்த மருந்து இது. 1952-இல் ஹைட்ரோகார்ட்டிசோன் தோலில் பூசும் மருந்தாகப் பயன்பட்டதிலிருந்து இந்தக் குடும்பம் பெருகி வந்திருக்கிறது. தோல் சிவந்து தடித்து அரிக்கும் அழற்சியை இது அடக்கும். அழற்சியை உண்டாக்கிய காரணத்தை நீக்காது.

படி 1: இது எந்த நோய் என்று உறுதி செய்துகொள்ளுங்கள்

எக்ஸிமா (தோல் வறண்டு அரிக்கும் நோய்), ஒவ்வாமைத் தடிப்பு, சொரியாசிஸ் (தோல் தடித்துச் செதில் உதிரும் நோய்) போன்றவற்றுக்கு இம்மருந்து பயன்படும். படர்தாமரை அப்படியன்று, அது பூஞ்சைத் தொற்று. அதன்மேல் ஸ்டீராய்டு பூசினால் சிவப்பும் அரிப்பும் சில நாட்களில் குறைவதைப் பார்த்து நோய் குணமாகிவிட்டது என்று நம்பிவிடுவோம். உண்மையில் உடலின் எதிர்ப்பு மட்டுமே அடங்கியிருக்கும். பூஞ்சை தடையின்றிப் பரவி, வட்ட விளிம்பு கலைந்து, மருத்துவருக்கே அடையாளம் தெரியாத உருவத்தை எடுத்துவிடும். ஆகவே வீட்டில் வேறொருவருக்கு வாங்கிய ட்யூபை எடுத்துப் பூசுவதையும், முகம் வெளுக்கும் என்று இதைத் தடவுவதையும் அறவே விட்டுவிட வேண்டும்.

படி 2: வீரியத்தைப் படியுங்கள்

ட்யூபின் மேல் இருக்கும் சதவீதத்தைப் பார்த்து வீரியத்தை முடிவு செய்யக் கூடாது. 1 சதவீத ஹைட்ரோகார்ட்டிசோன் மென்மையான வகை, 0.05 சதவீத குளோபெட்டசால் புரோப்பியோனேட் மிகக் கடுமையான வகை. எண் சிறியதாக இருப்பதால் மருந்தும் மென்மையானது என்று எண்ணுவது அபாயம். இவ்விரண்டுக்கும் இடையில், 0.05 சதவீத குளோபெட்டசோன் பியூட்டிரேட் நடுத்தர வீரியம் கொண்டது, 0.1 சதவீத மொமெட்டசோன், 0.1 சதவீத பீட்டாமெத்தசோன் வாலரேட் ஆகியவை கடுமையானவை. குளோபெட்டசால், குளோபெட்டசோன் ஆகிய பெயர்கள் எவ்வளவு எளிதில் மாறிப்போகும் என்பதைக் கவனியுங்கள். கடையில் வாங்கியதும் சீட்டில் உள்ள பெயரோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

வறண்டு தடித்த தோலுக்குப் பிசுபிசுப்பான ஆயின்மென்ட்டும், நீர் கசியும் இடத்துக்குக் கிரீமும், தலைமுடி உள்ள இடத்துக்கு லோஷனும் பொருந்தும்.

படி 3: பூசும் இடத்தை எடைபோடுங்கள்

உடலின் எல்லா இடத்துத் தோலும் மருந்தை ஒரே அளவில் உறிஞ்சுவதில்லை. 1967-இல் வெளியான ஓர் ஆய்வு ஹைட்ரோகார்ட்டிசோனை வைத்து இதை அளந்து காட்டியது. முன்கையில் உள்ளே போகும் அளவை ஒன்று என்று கொண்டால், உள்ளங்காலில் அதில் ஏழில் ஒரு பங்குதான் போகிறது. நெற்றியில் 6 மடங்கும், தாடையில் 13 மடங்கும், விரைப்பையில் 42 மடங்கும் போகிறது. பாதத்துக்குக் கடுமையான மருந்தை எழுதித் தரும் மருத்துவர் முகத்துக்கு ஹைட்ரோகார்ட்டிசோனோடு நிறுத்திக்கொள்வதன் காரணம் இதுதான். கண்ணிமை, அக்குள், தொடை இடுக்கு ஆகிய இடங்களுக்கும் அதே எச்சரிக்கை பொருந்தும். கண்ணைச் சுற்றி நீண்ட நாள் பூசினால் கண் அழுத்தம் உயரவும் கண்புரை உண்டாகவும் வாய்ப்பிருப்பதால், மருத்துவர் சொல்லாமல் அங்கே கொண்டு போகவே கூடாது.

மூடிய தோல் இன்னும் அதிகமாக உறிஞ்சும். மருந்தின்மேல் பிளாஸ்டிக் உறையோ கட்டோ போடக் கூடாது. குழந்தையின் டயப்பரும் இந்த வகையில் ஒரு கட்டுதான் என்பதைப் பலர் நினைப்பதில்லை.

படி 4: விரல்நுனியால் அளந்து எடுங்கள்

‘மெல்லியதாகப் பூசவும்’ என்று ட்யூபில் அச்சிட்டிருப்பதால் யாருக்கும் பயனில்லை. ஒருவருக்கு மெல்லியது இன்னொருவருக்குச் சுண்ணாம்புப் பூச்சு. 1991-இல் அறிமுகமான விரல்நுனி அளவு என்ற முறை இந்தக் குழப்பத்தைத் தீர்க்கிறது. ட்யூபின் வாய் 5 மில்லிமீட்டர் அகலம் இருக்கும்போது, பெரியவர் ஒருவரின் ஆள்காட்டி விரலில் நுனியிலிருந்து முதல் மடிப்புக் கோடு வரை ஒரே நீளமாகப் பிதுக்கினால் கிடைப்பது ஏறத்தாழ அரை கிராம். அது விரல்களையும் சேர்த்து இரண்டு உள்ளங்கைகளின் பரப்புக்குப் போதும்.

முகமும் கழுத்தும் சேர்ந்தால் 2½ அளவும், ஒரு முழுக் கைக்கு மணிக்கட்டு வரை 3 அளவும், ஒரு காலுக்குப் பாதம் நீங்கலாக 6 அளவும் தேவைப்படும். குழந்தைக்குப் பூசும்போதும் பெரியவரின் விரலாலேயே அளந்து, பெரியவரின் உள்ளங்கையாலேயே பரப்பைக் கணக்கிட வேண்டும்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். இரண்டு முழங்கை மடிப்பிலும் உள்ளங்கை அகலத்துக்கு எக்ஸிமா இருந்தால், ஒரு வேளைக்கு ஓர் அளவு, அதாவது அரை கிராம் செலவாகும். நாளுக்கு இரண்டு வேளை என்றால் 15 கிராம் ட்யூப் 15 நாளில் தீர வேண்டும். மூன்று மாதமாகியும் அது தீரவில்லை என்றால் மருந்து வேலை செய்யவில்லை என்று குறைசொல்ல இடமில்லை. ஐந்து நாளில் தீர்ந்தால் கையைக் கட்டுப்படுத்த வேண்டும்.

படி 5: பூசுங்கள்

குளித்து, ஈரத்தைத் தேய்க்காமல் ஒற்றி எடுத்த பிறகு பூசுவது நல்லது. கையைக் கழுவிக்கொண்டு, அளந்த மருந்தைப் புள்ளி புள்ளியாக வைத்து, முடி வளரும் திசையில் மெதுவாகப் பரப்புங்கள். பாதிக்கப்பட்ட இடத்தில் மட்டும் பூசினால் போதும். மாய்ஸ்சரைசரும் பூசுபவராயின் இரண்டுக்கும் இடையே 20 முதல் 30 நிமிடம் இடைவெளி விடுங்கள். ஒன்றாகக் குழைத்தால் மருந்து நீர்த்துப்போகும், தேவையற்ற இடத்துக்கும் பரவும். நாளுக்கு ஒருமுறையா இருமுறையா என்பது சீட்டில் இருக்கும். அதற்கு மேல் பூசுவதால் பக்கவிளைவுதான் மிஞ்சும். மருந்து கைகளுக்கே என்றாலொழிய, பூசியபின் மறுபடியும் கையைக் கழுவிவிடுங்கள்.

படி 6: நாட்களை எண்ணி நிறுத்துங்கள்

பெரும்பாலோர் தடுமாறுவது இந்த இடத்தில்தான். அரிப்பு முதலில் அடங்கும், அழற்சி பிறகுதான் அடங்கும். அரிப்பு நின்ற அன்றே மருந்தை விட்டால் சில நாட்களில் நோய் திரும்பிவிடும். ஆகவே கண்ணை நம்பாமல் விரலால் தடவிப் பாருங்கள். குறிப்பாகக் கருமையான தோலில் அழற்சி சிவப்பாகத் தெரியாமல் ஊதா, சாம்பல், அடர்பழுப்பு நிறங்களில் தெரியலாம். சொரசொரப்பும் தடிப்பும் போய், சுற்றியுள்ள தோலைப் போலவே வழவழப்பாக ஆனால் அழற்சி அடங்கிவிட்டது என்று பொருள். அதற்குப் பிறகும் தங்கும் கருந்தழும்பு வெறும் நிறமாற்றமே. அது மாதக்கணக்கில் தானாக மங்கும். அதைப் போக்குவதற்காக மருந்தைத் தொடர்வது தவறு.

கடுமையான வகைகளை ஒரே இடத்தில் இரண்டு வாரத்துக்கு மேல் தொடர வேண்டுமானால் மருத்துவரைக் கேட்க வேண்டும். குளோபெட்டசாலுக்கு வாரத்துக்கு 50 கிராம், தொடர்ந்து இரண்டு வாரம் என்பது வரம்பு. அடிக்கடி திரும்பும் எக்ஸிமாவுக்கு, தோல் சீரான பிறகும் வாரத்தில் இரண்டு நாள் மட்டும் பழைய இடத்தில் பூசும் முறை உண்டு. அதையும் மருத்துவரே தொடங்கி வைக்க வேண்டும். மாதக்கணக்கில் கடுமையான மருந்தைப் பூசி வந்தவர் பயந்துபோய் ஒரே நாளில் நிறுத்தினால், தோல் முன்பைவிடச் சிவந்து எரியக்கூடும். படிப்படியாகக் குறைப்பதற்கு அவருக்கு உதவி தேவை.

பூசும் காலத்தில் தோல் காகிதம்போல் மெலிவது, நுண்ணிய இரத்தக்குழாய்கள் வலைபோல் தெரிவது, கோடு கோடாகத் தழும்பு விழுவது, வாயைச் சுற்றிச் சிறு பருக்கள் வருவது ஆகியவற்றில் ஏதேனும் தென்பட்டால் அடுத்த தேதி வரை காத்திராமல் மருத்துவரைப் பாருங்கள். சீழோ மஞ்சள் பொருக்கோ காய்ச்சலோ இருந்தாலும், இரண்டு வாரத்தில் முன்னேற்றமே இல்லாவிட்டாலும் அப்படியே. போகும்போது ட்யூபைக் கையோடு எடுத்துச் சென்று, அதைத் திறந்த தேதியையும் சொல்லுங்கள். எவ்வளவு பூசியிருக்கிறீர்கள் என்று கேட்கும் மருத்துவருக்கு எஞ்சியிருக்கும் மருந்தே சரியான விடையைச் சொல்லிவிடும்.