டர்போ வண்டியில் இஜிடி சென்சார்: இடம் தேர்ந்தெடுக்கும்போது நடக்கும் தவறுகள்

டீசல் வண்டிக்கு ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டரின் மென்பொருளை மாற்றிப் பவரைக் கூட்டுவது) போட்டதும் பலர் அடுத்து வாங்குவது ஒரு இஜிடி (எக்ஸாஸ்ட் கேஸ் டெம்பரேச்சர்) மீட்டர். இன்ஜினிலிருந்து வெளியேறும் புகை எவ்வளவு சூடாக இருக்கிறது என்று டாஷ்போர்டில் காட்டும் மீட்டர் அது. வாங்குவது நல்ல விஷயம்தான். ஆனால் எந்த பிராண்டு, எந்த டிஸ்ப்ளே என்று வாரக்கணக்கில் விசாரிப்பவர்கள், சென்சாரை எங்கே மாட்டுவது என்பதை மட்டும் மெக்கானிக்கின் விருப்பத்துக்கு விட்டுவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் விட்டேன்.

என் வண்டி 1.3 லிட்டர் மல்டிஜெட் இன்ஜின் போட்ட ஸ்விஃப்ட். 1248 சிசி, 75 பிஎஸ், 190 நியூட்டன் மீட்டர். ரீமேப் போட்ட பிறகு மீட்டர் வாங்கிப் போனபோது, பட்டறையில் டர்போவுக்குப் பின்னால் புகை வெளியேறும் டவுன்பைப்பில் ஓட்டை போட்டு, ஒரு பங் (சென்சாரைத் திருகும் மரை வளையம்) வெல்ட் செய்து, ஒரு மணி நேரத்தில் வேலையை முடித்துக் கொடுத்தார்கள். "அண்ணே, டர்போவுக்கு முன்னால வைக்க முடியாதா?" என்று கேட்டதற்கு, "வைக்கலாம் தம்பி, ஆனா நுனி உடைஞ்சா டர்போ காலி" என்றார் மெக்கானிக். சரி என்று வந்துவிட்டேன். அந்த வாரமே காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறினோம், வண்டி நிறைய ஆட்கள், ஏசி ஓடுகிறது, எழுபது கொண்டை ஊசி வளைவும் முடியும்வரை மீட்டர் 540 டிகிரியைத் தாண்டவே இல்லை. நிம்மதியாக மிதித்தேன். நாலு மாதம் கழித்து சென்சாரை டர்போவுக்கு முன்னால், மேனிஃபோல்டுக்கு (சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து டர்போவுக்குக் கொடுக்கும் குழாய்த் தொகுதி) மாற்றிய பிறகு அதே மலை, அதே ஆட்கள், கிட்டத்தட்ட அதே வேகம்: பாதி தூரத்திலேயே 715. வண்டியில் வேறு எதையும் மாற்றவில்லை.

இதுதான் முதல் தவறு, எல்லாவற்றிலும் பெரியதும் இதுதான். டர்போவின் டர்பைன் சும்மா சுழல்வதில்லை, சூடான வாயு விரிவடையும்போது அதிலிருந்து ஆற்றலை எடுத்துத்தான் சுழல்கிறது, அந்த ஆற்றல் போன பிறகு வாயுவின் சூடு இறங்கிவிடும். லோடு அதிகமானால் இந்த இறக்கமும் அதிகமாகும். நூறு, நூற்றைம்பது டிகிரி வித்தியாசம் என்பது சாதாரணம், அழுத்தி ஓட்டினால் இன்னும் கூடும். பிஸ்டனும் வால்வும் டர்பைன் சக்கரமும் பார்ப்பது முன்னால் உள்ள சூட்டைத்தான், பின்னால் உள்ளதை அல்ல. பொதுவாக டீசலில் டர்போவுக்கு முன்னால் 700 டிகிரியைத் தொடர்ந்து தாண்டவிடாமல் பார்த்துக்கொள்வது நல்ல பழக்கம். அந்த 700 என்பது முன்னால் அளந்த எண். அதைப் பின்னால் வைத்த சென்சாரோடு ஒப்பிட்டால் இன்னும் இடம் இருக்கிறது என்று தோன்றும், உண்மையில் இருக்காது.

"அப்படியானால் பின்னால் வைத்துவிட்டு, காட்டும் எண்ணோடு 150 கூட்டிக்கொண்டால் போதாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. வித்தியாசம் நிலையானதாக இருந்தால்தான் கூட்டிப் பார்க்க முடியும். ஐடிலில் நிற்கும்போது இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும். மேட்டில் அழுத்தி ஏறிவிட்டுச் சட்டென்று காலை எடுத்தால், முன்னால் உள்ள வாயு உடனே குளிர்ந்துவிடும், ஆனால் டர்போவின் கனமான இரும்புக் கூடு சூட்டைப் பிடித்து வைத்திருப்பதால் பின்னால் இருக்கும் எண் கொஞ்ச நேரம் முன்னதைவிட அதிகமாகக்கூட இருக்கும். ஏறும்போதும் இதே கதைதான்: அந்தக் கூடு சூடாகி முடியும்வரை பின்னால் இருக்கும் எண் மெதுவாகத்தான் ஏறும், நீங்கள் காலை எடுக்க வேண்டிய நேரத்தில் அது இன்னும் நடந்து வந்துகொண்டிருக்கும்.

இனி அந்த "நுனி உடைஞ்சா டர்போ காலி" பயத்துக்கு வருகிறேன். அது வெறும் பயம் இல்லை. சின்ன டர்போவின் சக்கரம் நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்றுக்கு மேல் ஓடும், அதில் ஒரு சின்ன உலோகத் துண்டு போனால் இறக்கைகள் தப்பாது. ஆனால் நுனி ஏன் உடைகிறது என்று பாருங்கள். மலிவான சாதா ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் உறை, அளவுக்கு மீறி உள்ளே நீட்டிய நீளம், வருடக்கணக்கில் கழற்றிப் பார்க்காதது, பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்று. இன்கோனல் (அதிகச் சூட்டைத் தாங்கும் நிக்கல் கலவை) உறை போட்ட கே டைப் புரோப் (உள்ளே நீட்டும் சென்சார் கம்பி; கே டைப் என்பது தெர்மோகப்பிள் சென்சாரில் ஒரு வகை) வாங்கி, சரியான ஆழத்தில் நிறுத்தி, வருடத்துக்கு ஒரு முறை கழற்றி நுனி அரித்திருக்கிறதா, வளைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டால் அந்த ஆபத்து வெகுவாகக் குறையும். இதையும் செய்ய முடியாது, நேரமில்லை என்றால் பின்னாலேயே வையுங்கள், தப்பில்லை. ஆனால் அந்த எண் வேறு எண் என்பதைத் தெரிந்துகொண்டு வையுங்கள்.

முன்னால் என்று முடிவெடுத்த பிறகு, மேனிஃபோல்டில் எந்த இடம்? கை எட்டுகிற இடத்தில் ட்ரில் போடுவதுதான் இங்கே நடக்கும் தவறு. கை எட்டுவது பெரும்பாலும் ஓரத்தில் இருக்கும் ஒரு சிலிண்டரின் தனிக் குழாய். நாலு சிலிண்டர் இன்ஜினில் ஒரு சிலிண்டர் புகையை வெளியே தள்ளுவது மொத்தச் சுழற்சியில் ஏறக்குறைய கால் பங்கு நேரம்தான், மீதி நேரம் அந்தக் குழாயில் ஓட்டம் இல்லாததால் புரோப் கொஞ்சம் ஆறும், எண் குறைவாக வரும். அதோடு அந்த ஒரு சிலிண்டரின் இன்ஜெக்டர் நன்றாக இருந்து பக்கத்துச் சிலிண்டரின் இன்ஜெக்டர் ஒழுகிக்கொண்டிருந்தால் உங்களுக்குத் தெரியவே தெரியாது. நாலு குழாயும் ஒன்றுசேர்ந்து டர்போவுக்குள் நுழையும் இடம் இருக்கிறதே, அதற்குக் கொஞ்சம் முன்னால் வைப்பதுதான் தெருவில் ஓடும் வண்டிக்குச் சரி. ட்வின் ஸ்க்ரோல் டர்போவாக இருந்தால் அந்த இடமே நடுச்சுவரால் இரண்டாகப் பிரிந்திருக்கும், ஒரு பக்கம் வைத்தால் பாதி இன்ஜினைத்தான் பார்ப்பீர்கள்.

இஜிஆர் குழாய் (புகையில் ஒரு பகுதியைத் திரும்ப இன்ஜினுக்கே அனுப்புவது) பிரியும் வாய்க்குப் பக்கத்தில் வேண்டாம், அதன் வால்வு திறக்கும்போதும் மூடும்போதும் அங்கே ஓட்டம் மாறிக்கொண்டே இருக்கும். ஃபிளாஞ்சு (போல்ட் போட்டு இணைக்கும் தட்டு) ஓரத்திலும், போல்ட் ஓட்டைகளுக்குப் பக்கத்திலும், ஏற்கெனவே முடி போல விரிசல் தெரியும் இடத்திலும் வேண்டவே வேண்டாம். வார்ப்பிரும்பு மேனிஃபோல்டு சூடாகி ஆறி, சூடாகி ஆறி விரிசல் விடும் சுபாவம் உள்ளது, அதில் புதிதாக ஒரு ஓட்டை என்பது விரிசல் தொடங்க நல்ல இடம். சுவர் தடிமனாக இருக்கும் இடமாகப் பாருங்கள். குழாயை வளைத்துச் செய்த மெல்லிய ஸ்டீல் மேனிஃபோல்டில் நேராக மரை போட்டால் ரெண்டு சுற்றுகூடப் பிடிக்காது, அங்கே பங் வெல்ட் செய்யத்தான் வேண்டும். வார்ப்பிரும்பில் அதற்கு நேர்மாறு: வெல்ட் வேண்டாம், மரை போடுங்கள்.

ஆழம் பற்றிப் பலர் யோசிப்பதே இல்லை. நுனி சுவரை ஒட்டி நின்றால் இரும்பின் சூட்டையும் ஓரத்தில் மெதுவாக ஊர்ந்து போகும் வாயுவையும்தான் அளக்கும். எதிர்ச் சுவரைத் தொடும் அளவுக்குப் போனால் அதிர்வில் களைத்து உடையும். உள்விட்டத்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை போதும், அதாவது உள்ளே 36 மில்லிமீட்டர் இருந்தால் 12 முதல் 18 மில்லிமீட்டர். ட்ரில் போட்டதும் ஒரு கம்பியை விட்டு எதிர்ச் சுவர்வரை அளந்துகொள்ளுங்கள், ஏனென்றால் புரோப்பைப் பிடிக்கும் அந்தச் சின்ன வளையம் ஒரு முறை இறுகிவிட்டால் பிறகு இடத்தை மாற்ற முடியாது.

ட்ரில் போடுவதைப் பற்றி இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் புரோப் உடைந்து டர்போ போய்விடுமோ என்று பயப்படுகிற நாம், இரும்புப் பிசிறு உள்ளே போவதற்குப் பயப்படுவதில்லை. வார்ப்பிரும்பு சுருள் சுருளாக வராது, கரகரவென்று தூளாக உதிரும், அந்தத் தூள் அப்படியே டர்பைன் வாய்க்குள் இறங்கும். மேனிஃபோல்டைக் கழற்றி மேசையில் வைத்துத் துளைப்பதுதான் உத்தமம். புது கேஸ்கெட் செலவும் அரை நாள் வேலையும் ஆகும், ஆகட்டும். கழற்ற வழியே இல்லை என்றால் 3 மில்லிமீட்டரில் தொடங்கி 6, பிறகு 8.5 என்று படிப்படியாகப் போங்கள், ட்ரில்லின் பள்ளங்களில் கட்டியாக கிரீஸ் அப்பிக்கொள்ளுங்கள், நாலு சுற்றுக்கு ஒரு முறை வெளியே எடுத்து கறுத்துப்போன கிரீஸைத் துடைத்துவிட்டுப் புதிதாக அப்புங்கள், சுவர் உடைந்து உள்ளே நுழையும் அந்தக் கடைசி நொடியில் அழுத்தத்தைக் குறையுங்கள். டேப் (மரை வெட்டும் கருவி) போடும்போதும் அதேதான். பிறகு காந்தக் குச்சியை விட்டுச் சுற்றிச் சுற்றி எடுங்கள், வார்ப்பிரும்புத் தூள் ஒட்டும். வாக்குவம் கிளீனர் முனையில் மெல்லிய டியூப் ஒட்டி உறிஞ்சி எடுப்பதும் நன்றாக வேலை செய்யும். இன்ஜினை ஓடவிட்டுக்கொண்டே துளைத்தால் தூள் தானாக வெளியே வந்துவிடும் என்று சிலர் செய்கிறார்கள். சூடான வாயுவும் இரும்புத்தூளும் முகத்துக்கு நேராக வரும் ஒரு வேலையை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

மரை விஷயத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. பெரும்பாலான புரோப்கள் எட்டில் ஒரு அங்குல என்பிடி (அமெரிக்கக் குழாய் மரை) மரையில் வருகின்றன. நம் ஊர் லேத் பட்டறைகளில் அதே அளவில் கைக்குக் கிடைப்பது பிஎஸ்பி (பிரிட்டிஷ் குழாய் மரை) டேப். முன்னதில் அங்குலத்துக்கு 27 மரை, பின்னதில் 28. ரெண்டு மூன்று சுற்று சுகமாக ஏறும், அப்புறம் இறுகும், "நல்லா டைட்டா இருக்கு" என்று விட்டுவிடுவார்கள், ஆனால் மரை சரியாக உட்கார்ந்திருக்காது. பத்தே நாளில் அந்த இடத்தைச் சுற்றிக் கரி படிந்து ஒழுகுவது தெரியும். டேப்பை வாங்கும்போதே புரோப்பைக் கையில் கொண்டு போங்கள். என்பிடி கூம்பு மரை என்பதால் டேப்பை முழுக்க உள்ளே இறக்கிவிடவும் கூடாது, அடிக்கடி எடுத்து ஃபிட்டிங்கை மாட்டிப் பார்க்க வேண்டும். மாட்டும்போது நிக்கல் கலந்த ஆன்டிசீஸ் தடவுங்கள், இல்லையென்றால் அடுத்த முறை கழற்றும்போது உடைத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

ஒயர் எந்த வழியாகப் போகிறது என்பதும் இடத்தேர்வில் சேர்ந்ததுதான். நல்ல இடம் கிடைத்தும் ஒயர் டர்போ கூட்டை உரசிக்கொண்டு போனால் பயனில்லை. அதைவிட முக்கியம், நீளம் போதவில்லை என்று சாதாரணச் செம்பு ஒயரை ஒட்டாதீர்கள். தெர்மோகப்பிளின் இரண்டு கம்பிகளும் வேறு வேறு உலோகக் கலவை, அந்த வித்தியாசத்தில் பிறக்கும் மிகச் சிறிய மின்னழுத்தத்தைத்தான் மீட்டர் படிக்கிறது, டிகிரிக்கு ஏறக்குறைய 41 மைக்ரோவோல்ட். பானட்டுக்குள் 90 டிகிரி சூட்டில் செம்பை ஒட்டினால், டாஷ்போர்டுக்குள் 30 டிகிரி இருக்கும்போது மீட்டர் 60 டிகிரி குறைத்துக் காட்டும். கே டைப்புக்கென்றே விற்கும் நீட்டிப்பு ஒயரை வாங்குங்கள். அமெரிக்க வண்ண முறையில் மஞ்சள்தான் பிளஸ், சிவப்பு மைனஸ், நம் எலெக்ட்ரீஷியன் பழக்கத்தில் சிவப்பைப் பிளஸில் கொடுத்துவிடுவார், அப்புறம் சூடு ஏற ஏற எண் இறங்கும்.

பெட்ரோல் டர்போ வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இடம் பற்றிச் சொன்னதெல்லாம் உங்களுக்கும் பொருந்தும், ஆனால் எண் பொருந்தாது, அங்கே 900 டிகிரிக்கு மேல் போவது வழக்கம். நாக்கிங் (சிலிண்டருக்குள் எரிபொருள் கட்டுப்பாடில்லாமல் வெடிப்பது) வந்தால் இஜிடி குறையவும் கூடும், அதனால் எண் குறைவாக இருக்கிறது என்பதை மட்டும் நம்பி டியூன் செய்யாதீர்கள்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ் 6 டீசலாக இருந்தால் ட்ரில்லைக் கையில் எடுக்கும் முன் ஓபிடி ஸ்கேனரை (வண்டியின் கம்ப்யூட்டரில் உள்ள எண்களைப் படிக்கும் கருவி) மாட்டிப் பாருங்கள். பல வண்டிகளில் கம்பெனியே டர்போவுக்கு முன்னாலும் டிபிஎஃப்புக்கு (புகையில் உள்ள கரியைப் பிடிக்கும் வடிகட்டி) முன்னாலும் சென்சார் வைத்திருக்கிறது. அந்த எண்ணைப் படித்துக்கொண்டாலே போதும், ஓட்டை போட்டு வாரண்டியை இழக்கத் தேவையில்லை. ஆனால் அந்தச் சென்சாரின் ஒயரிலிருந்து கிளை எடுத்து உங்கள் மீட்டருக்குக் கொடுக்காதீர்கள், அவை பெரும்பாலும் தெர்மோகப்பிள் அல்ல, மின்தடை மாறும் வகை, இரண்டு எண்ணும் கெட்டுப்போகும்.

எல்லாம் மாட்டி முடித்ததும் உடனே ஓட்டிப் பார்க்க ஆசையாக இருக்கும், கொஞ்சம் பொறுங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில் காலையில் ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் போடுங்கள், மீட்டர் அன்றைய காலைச் சூட்டைக் காட்ட வேண்டும், 28 என்றால் 28, ரெண்டு மூன்று டிகிரி முன்னே பின்னே இருக்கலாம். புரோப்பை மாட்டும் முன்பே அதன் நுனியைக் கொதிக்கும் தண்ணீரில் வைத்து 100 வருகிறதா என்று பார்த்திருந்தால் இன்னும் நல்லது. பிறகு ஒரு மலையோ மேம்பாலமோ ஏறி இறங்கி வந்து, வண்டி முழுக்க ஆறியதும் ஃபிட்டிங்கை ஸ்பேனர் போட்டுப் பாருங்கள். முதல் சூட்டுக்குப் பிறகு கால் சுற்றாவது இறங்கும்.