மலைநாட்டு ஈரத்தில் மான்கள்: பராமரிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெளிமானும் மான், மரையும் மான் என்று தமிழில் ஒரே பெயரில் அடக்கிவிடுகிறோம். பிழை அங்கேயே தொடங்குகிறது. மரையும் புள்ளிமானும் கொம்பை உதிர்த்து மறுபடி வளர்ப்பவை. வெளிமான், நீலான், ஈலாண்ட் போன்ற இரலைகள் மாட்டுக் குடும்பம். அவற்றின் கொம்பு உதிராது. உள்ளே எலும்பும் இரத்த ஓட்டமும் இருப்பதால் முறிந்தால் முறிந்ததுதான். இலங்கைக் காடுகளில் இரலை எதுவும் இயற்கையாக இல்லை. மிருகக்காட்சிசாலைக்கு வருபவை பெரும்பாலும் வறண்ட வெளிகளுக்குப் பழகியவை. அதனால் அம்பாந்தோட்டைப் பக்கத்து வறண்ட ரிதியகம சஃபாரிப் பூங்காவில் சரிவரும் முறை, 1,868 மீற்றர் உயரத்து நுவரெலியாவில் அப்படியே சரிவராது.

குளிருக்குப் பயந்து கொட்டிலைச் சுற்றிப் படங்கு இழுத்துக் கட்டுவதை எல்லாரும் செய்கிறார்கள். வளர்ந்த விலங்கு, உடம்பும் படுக்கையும் காய்ந்திருந்தால், இங்கத்தைய இரவைத் தாங்கிவிடும். நுரையீரலைப் பிடிப்பது நனைந்த படுக்கையும் அடைபட்ட மூத்திர ஆவியும். குட்டியின் மூக்கு உயரத்துக்குக் குனிந்து பாருங்கள். உங்கள் கண் எரிந்தால் கொட்டில் சரியில்லை. காற்றடிக்கும் பக்கத்தை மட்டும் அடைத்து, எதிர்ப்பக்கம் விலங்கின் தலைக்கு மேலே திறப்பு விடுங்கள். தரை மீற்றருக்கு 2 அல்லது 3 சென்ரிமீற்றர் சரிய வேண்டும். வழுவழுப்பான சீமெந்து கால் வழுக்கும். தீவனத் தட்டுக்கு முன்னால் கரட்டுச் சரளை போட்டால் நடக்கும்போதே குளம்பு தேய்ந்துகொள்ளும்.

அடுத்தது மரக்கறிக் கழிவு. கந்தப்பளை, வெலிமடைப் பக்கம் லொறிக் கணக்கில் சும்மா கிடைப்பதால் கை தானாகப் போகும். லீக்ஸ் இலை, வெங்காயத் தாள், அளவுக்கு மிஞ்சிய கோவா மூன்றுமே இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். மூத்திரம் சிவந்து, கண்ணிமை வெளிறும்போதுதான் பலருக்கு விளங்குகிறது. பச்சை படிந்த, முளைவிட்ட உருளைக்கிழங்கு நஞ்சு. உரம் கொட்டி வளர்த்த இலையில் நைத்திரேற்று மிகுந்திருக்கும். அது இரத்தத்தைச் சொக்கலேற் நிறமாக்கி மூச்சை அடைக்கும். வேலியோரத்து அலரி, உன்னிச்செடி, பூந்தோட்டத்து அசேலியா எதுவும் எட்டும் தூரத்தில் நிற்கக்கூடாது. அசேலியா இலை உடல் எடையில் 0.2 சதவீதம் தின்றாலே நஞ்சேறும்; 40 கிலோ விலங்குக்கு அது 80 கிராம், ஒரு கைப்பிடி. தேயிலை மலையில் அறுத்த புல்லென்றால் மருந்து எப்போது அடித்தார்கள் என்று கேட்காமல் வாங்காதீர்கள். உணவின் அடிப்படை புல்லும் மரத்தழையும்தான். தானியத்தையும் புண்ணாக்கையும் மாற்றும்போது 10 முதல் 14 நாட்களில் மெல்ல மாற்ற வேண்டும். ஒரேயடியாக மாற்றினால் இரைப்பை புளித்து, விலங்கு படுத்துவிடும்.

புழு மருந்தை எல்லாவற்றுக்கும் மாதா மாதம் கொடுப்பதும், எடை தெரியாமல் குறைத்துக் கொடுப்பதும் மருந்துக்கு அஞ்சாத புழுவைத்தான் வளர்க்கும். சாணத்தில் முட்டை எண்ணி, தேவையானதற்குக் கொடுத்து, 10 முதல் 14 நாள் கழித்துத் திரும்ப எண்ணுங்கள். முட்டை 95 சதவீதமாவது குறையவில்லையென்றால் அந்த மருந்து அந்தப் பட்டிக்கு உதவாது.

வெருட்சிதான் எல்லாவற்றையும் விடக் கொடியது. நாலு பேர் கயிற்றோடு துரத்திப் பிடித்த விலங்கு அன்று எழுந்து நிற்கும். தசை உள்ளே சிதைந்திருக்கும். மூத்திரம் கோப்பி நிறமாகும், நடை விறைக்கும், சில மணித்தியாலத்திலோ சில நாளிலோ விழும். அதன்பின் வைத்தியம் பெரிதாக எடுபடாது. இடம் மாற்ற வேண்டுமென்றால் பெட்டியை இரண்டு பக்கமும் திறந்தபடி பட்டிக்குள் வைத்து, 2, 3 கிழமை அதற்குள்ளேயே தீவனம் போடுங்கள், தானாக நுழையும். பெட்டி இருட்டாகவும், திரும்ப முடியாத அகலத்திலும், காற்றோட்டத்தோடும் இருக்க வேண்டும். கையால் பிடிக்க வேண்டி வந்தால் விடியற்காலைக் குளிரில், கண்ணைக் கட்டி, நெஞ்சு நிலத்தில் பட, தலை உயர்ந்திருக்கப் பிடியுங்கள். பக்கவாட்டில் கிடத்தினால் இரைப்பையில் இருப்பது நுரையீரலுக்குள் போகும். புதிதாக வந்த விலங்குக்குக் கம்பி வேலி கண்ணில் படாது. முதல் நாட்களில் சாக்குத் துணி தொங்கவிடுங்கள். தீபாவளி வெடிக்கு முதல் நாளே உட்கொட்டிலுக்குள் எடுத்துவிடுவது நல்லது. கட்டாக்காலி நாய் மண் தோண்டி வரும், சிறுத்தை மேலால் வரும்: வேலியின் அடியை மண்ணுக்குள் இறக்குங்கள், இரவுப் பட்டிக்குக் கூரைக் கம்பி போடுங்கள்.

இனப்பெருக்கத்தில் ஒரே ஆணை ஆண்டுக்கணக்கில் வைத்திருந்தால் அது தன் பெட்டைக் குட்டிகளையே சினையாக்கும். மிருகக்காட்சிசாலைப் பதிவேடுகளைக் கொண்டு 1979இல் வெளியான ஆய்வொன்றில், 16 வகைக் குளம்பு விலங்குகளில் 15இல் இரத்த உறவுக் கலப்பில் பிறந்த குட்டிகள் கூடுதலாக இறந்திருந்தன. தாய், தகப்பன் பெயர் இல்லாத பதிவேடு தீவனக் கணக்குக்குத்தான் உதவும். இரண்டு முதிர்ந்த ஆண்களை ஒரே பட்டியில் விடாதீர்கள்.

பிறந்த இரலைக் குட்டி பெரும்பாலும் தாயோடு ஓடாது, புதரில் ஒளிந்து கிடக்கும். தாய் நாளுக்குச் சில தடவை வந்து பால் கொடுத்துவிட்டுப் போகும். அதைக் ‘கைவிட்டுவிட்டது’ என்று தூக்கி வருவதுதான் இந்தத் தொழிலில் மிக இரக்கமான தவறு. தூரத்திலிருந்து பாருங்கள்: விலா ஒட்டி, வாய் குளிர்ந்து, கத்தியபடி அலைந்தால் மட்டும் தலையிடுங்கள். நக்கிக் காய்ந்து, பால் குடித்த பிறகு ஒரேயொரு முறை, கையுறையில் பட்டியின் வைக்கோலைத் தேய்த்துக்கொண்டு, எடை பார்த்து, தொப்புளுக்கு அயடின் வைத்துச் சில நிமிடத்தில் விலகிவிட வேண்டும்.

உண்மையாகவே கையில் வளர்க்க நேர்ந்தால் முதல் 6 மணித்தியாலத்துக்குள் சீம்பால் போக வேண்டும்; ஆட்டினதோ மாட்டினதோ உறைய வைத்திருந்தால் உதவும். 24 மணித்தியாலத்தில் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு. ஒவ்வொரு தடவையும் பாலுக்குப் பின் வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் பின்புறத்தைத் துடைக்க வேண்டும். தாய் நக்காமல் குட்டி சாணமோ மூத்திரமோ விடாது. ஆண் குட்டியென்றால் இன்னொரு குட்டியோடு சேர்த்து வளருங்கள். புட்டிப் பால் குடித்த ஆண் வளர்ந்ததும் மனிதரையே போட்டி ஆணாக நினைத்து முட்ட வரும்.