காபியைக் குறைக்க விரும்புவோர் பில்டரிலிருந்து தொடங்குங்கள்

கும்பகோணமோ மாயவரமோ மன்னார்குடியோ, எங்கள் பக்கத்தில் விடியற்காலை என்பது பித்தளை பில்டரின் மேல் பாத்திரத்தில் கொதிநீர் ஊற்றி மூடுவதில்தான் தொடங்குகிறது. அப்படிப்பட்ட வீட்டில் காபியை அடியோடு விட்டுவிடச் சொல்வது எனக்கு உடன்பாடில்லை. நாளுக்கு ஐந்து, ஆறு டம்ளர் குடிப்பவர் ஒன்று அல்லது இரண்டுக்கு வருவதற்கான வழியை மட்டும் எழுதுகிறேன்.

முதல் மூன்று நாள் எதையும் குறைக்காமல், குடிப்பதை எண்ணுங்கள். தினசரி காலண்டர் தாளில் ஒவ்வொரு டம்ளருக்கும் ஒரு கோடு போட்டால் போதும். கடைத்தெருவில் குடித்த அரை டம்ளரையும், உறவினர் வீட்டில் குடித்த ‘ஒரு வாய்’ காபியையும், தேநீரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நான்கு என்று நம்பியிருந்த எனக்கு ஆறு கோடுகள் விழுந்தன.

ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். உடலில் சோர்வை உணர்த்தும் அடினோசின் என்ற பொருளின் வேலையைக் காபியிலும் தேநீரிலும் உள்ள காஃபின் தடுக்கிறது. நாள்தோறும் குடிப்பவரின் மூளை அந்தத் தடைக்குப் பழகிவிடுவதால், திடீரென்று நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலியும் சோர்வும் எரிச்சலும் தொடங்கி, ஓரிரு நாளில் உச்சத்தை அடைந்து, ஒரு வாரத்துக்கு மேலும் நீடிக்கக்கூடும். ஓர் ஆடிப்பெருக்கன்று நான் காபியை நிறுத்தினேன். மறுநாள் மதியம் நெற்றிப்பொட்டு இரண்டும் விண்விண்ணென்று தெறித்தன. மாத்திரை போட்டதும் வலி விட்டது; அட்டையைத் திருப்பிப் பார்த்தால் பாராசிட்டமாலுடன் காஃபினும் சேர்ந்திருந்தது.

குறைக்க வேண்டிய முதல் இடம் பில்டர். வழக்கமாக நான்கு கரண்டி பொடி போடுபவர் மூன்றரையாகக் குறைத்து, நான்கைந்து நாள் கழித்து மூன்றாக்கலாம். இதைவிட எளிதான வழி, பொடி அரைத்துத் தரும் கடையிலேயே கலவையை மாற்றச் சொல்வது. சிக்கரியில் காஃபின் அறவே கிடையாது. ஆனால் டிகாஷனுக்குக் கறுப்பையும் கெட்டித்தன்மையையும் அதுதான் கூட்டுகிறது. நூற்றுக்கு இருபது பங்கு சிக்கரி சேர்த்து வாங்குபவர் அதை முப்பதாக்கி, இரண்டு வாரம் கழித்து நாற்பதாக்கினால், நாக்கும் கண்ணும் பெரிதாக முறையிடாமலேயே காஃபின் குறைந்துவிடும். கொட்டை எது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். ரொபஸ்டாவில் அராபிகாவைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு காஃபின் உண்டு. பாலில் மட்டும் கைவைக்காதீர்கள். தண்ணீர் கலக்காத பாலை அப்போதே காய்ச்சி ஊற்றினால், டிகாஷன் அரைக் கரண்டி குறைந்தது தெரியாது. கசப்பு குறைந்ததே என்று சர்க்கரையைக் கூட்டுவதும் கூடாது.

அடுத்து, டம்ளர்களைக் குறைக்கும்போது மாலைக் காபியிலிருந்து தொடங்குங்கள். குடித்த காஃபினில் பாதி உடலை விட்டு நீங்கவே பெரும்பாலோருக்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும் என்பதால், ஐந்து மணிக்குக் குடித்ததில் பாதி இரவு பத்து மணிக்கும் உள்ளே இருக்கும். அந்த வேளைக்குச் சுக்கும் கொத்தமல்லி விதையும் தட்டிப் போட்டுக் கருப்பட்டியோடு கொதிக்கவைத்து, அதே டபரா டம்ளரில் ஆற்றிக் குடியுங்கள். கைக்கும் உதட்டுக்கும் பழகிய சூடு கிடைத்துவிட்டால் பாதி ஏக்கம் அடங்கிவிடும். முற்பகல் பதினொரு மணிக் காபிக்கு இஞ்சி, கறிவேப்பிலை போட்ட நீர்மோர் பொருந்தும். சாப்பிட்ட கையோடு குடிக்கும் காபி, உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்பதைக் குறைக்கும். இரத்தசோகை உள்ள பெண்கள் அதை முதலில் விட வேண்டும், அல்லது ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்க வேண்டும். விடியற்காலை டம்ளரைக் கடைசி வரை தொடாதீர்கள். அதையும் பறித்துக்கொண்டவர்கள் பத்தே நாளில் பழைய கணக்குக்குத் திரும்பியதைப் பார்த்திருக்கிறேன்.

பிறர் வீட்டில் மறுப்பதுதான் கடினம். டம்ளர் கைக்கு வந்த பிறகு வேண்டாம் என்றால் அந்த வீட்டு அம்மாவின் மனம் நோகும். ஆகவே, அடுப்பில் பால் ஏறுவதற்கு முன்பே, “எனக்கு ஒரு டம்ளர் மோர் கொடுங்கள், அம்மா” என்று நீங்களே கேட்டுவிடுங்கள். கல்யாண வீட்டில் இரண்டு டம்ளர் கூடிவிட்டால், மறுநாள் பட்டினி கிடக்காமல், முந்தைய அளவுக்கே திரும்புங்கள்.

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஆரோக்கியமான பெரியவர்களுக்கு நாளுக்கு 400 மில்லிகிராமும், கர்ப்பிணிகளுக்கு 200 மில்லிகிராமும் காஃபினுக்கு வரம்பாகக் கூறுகிறது. பில்டர் டிகாஷனின் வலு வீட்டுக்கு வீடு மாறுவதால், கர்ப்பிணிகளும் படபடப்பு உள்ளவர்களும் தங்கள் அளவை மருத்துவரிடம் சொல்லிக் கேட்பது நல்லது.

பொடி வாங்கிய தேதியைப் பொட்டலத்தின் மேலேயே எழுதி வையுங்கள். எங்கள் வீட்டில் பத்து நாளில் தீர்ந்துகொண்டிருந்த கால் கிலோ, இப்போது இருபத்திரண்டு நாள் வருகிறது.