ராத்திரிப் பசியும் மனசும்: ஹாஸ்டல் பிள்ளைகள் செய்யும் தவறுகள்

பாளையங்கோட்டையிலோ அபிஷேகப்பட்டியிலோ ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறவர்களுக்கு மெஸ் சாப்பாடு பத்தரை மணிக்கெல்லாம் கரைந்துவிடும். அப்புறம் இருக்கவே இருக்கிறது புரோட்டாவும் சால்னாவும். சேக்காளிகளோடு எப்போதாவது போய்ச் சாப்பிடுவதை நோய் என்று சொன்னால் திருநெல்வேலியில் பாதிப் பேர் நோயாளிதான்.

ஆனால் ராத்திரித் தின்னும் கோளாறு (நைட் ஈட்டிங் சிண்ட்ரோம்) என்று நிஜமாகவே ஒன்று உண்டு. 1955-இல் ஆல்பர்ட் ஸ்டங்கார்ட் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் அதை விவரித்தார். ஒரு நாள் சாப்பாட்டில் கால்வாசிக்கு மேல் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகே உள்ளே போகும். அல்லது நடுத்தூக்கத்தில் எழுந்து தின்னத் தோன்றும். காலையில் பசிக்காது, படுத்தால் தூக்கம் வராது, பொழுது சாய்ந்ததும் மனசு கனத்துப்போகும். இப்படி மாதக்கணக்கில் போனால் சும்மா விடக்கூடாது.

பெரிய தவறு மறுநாள் காலையில்தான் நடக்கிறது. ராத்திரி தின்றதற்குப் பரிகாரமாக இட்லியைத் தள்ளிவிடுவது, மத்தியானம் இரண்டு கரண்டிச் சோற்றோடு எழுந்துவிடுவது. ராத்திரி பதினோரு மணிக்குப் பசி அசுரத்தனமாக வரத்தானே செய்யும்? பசிக்காவிட்டாலும் காலையில் இரண்டு இட்லி உள்ளே போகட்டும்.

அடுத்தது காப்பி. ராத்திரி பத்து மணிக்குக் குடித்தால், அதிலுள்ள காஃபினில் ஏறக்குறைய பாதி விடியற்காலை மூன்று மணிக்கும் உடம்பில் இருக்கும். தூக்கம் வராமல் புரள்கிறவன் கை மிக்சர் பாக்கெட்டைத்தான் தேடும். இதற்காகத் தூக்க மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். சோல்பிடெம் போன்ற சில மாத்திரைகளால் அரைத்தூக்கத்தில் எழுந்து தின்றுவிட்டு, காலையில் ஞாபகமே இல்லாமல் போவதும் உண்டு.

வீட்டார் செய்கிற தவறு ஒன்று: 'வாயக் கட்டுனா எல்லாம் சரியாயிரும்லே' என்று போனில் திட்டுவது. அரியர் பயமோ, தனிமையோ, சோர்வோ உள்ளே ஓடிக்கொண்டிருக்கலாம். மனச்சோர்வும் இந்தப் பழக்கமும் பல பேரிடம் சேர்ந்தே காணப்படுகின்றன. திட்டு வாங்கியவன் ஒளித்து வைத்துத் தின்பான், அவ்வளவுதான்.

அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனஸ் 14416-க்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே. நேரில் போக, ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி என்கிற திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. போகுமுன் ஒரு வாரத்துக்கு எத்தனை மணிக்கு என்ன சாப்பிட்டீர்கள், எப்போது தூங்கினீர்கள், அப்போது மனசு எப்படி இருந்தது என்று போனில் குறித்துக்கொண்டு போனால் டாக்டருக்கும் சுலபம்.